விலை மாறாது என்று சொன்ன வீட்டுக் காப்பீட்டில் புதிதாக முளைத்த கட்டணங்கள்

கேள்வி: மூன்று வருடத்துக்கு விலை மாறாது என்று சொன்னதால்தான் இந்த வீட்டுக் காப்பீட்டை எடுத்தேன். முதல் இரண்டு வருடம் சொன்னபடியே போனது. இப்போது மூன்றாவது வருடத்துக்கான புதுப்பித்தல் கடிதம் வந்திருக்கிறது, மொத்தத் தொகை கிட்டத்தட்ட கால்வாசி கூடியிருக்கிறது. போன் செய்து கேட்டால், "பிரீமியம் ஏறவே இல்லை மேடம், மற்றதெல்லாம் கட்டணம்" என்கிறார்கள். நடுவில் கூரையில் சோலார் பேனல் போட்டோம், அதையும் முறையாகத் தெரிவித்துவிட்டோம். இதுவரை ஒரு க்ளெய்ம்கூடச் செய்ததில்லை. காப்பீட்டுத் தொகையைக் கொஞ்சம் குறைத்தால் பழைய தொகைக்கே வந்துவிடும் என்கிறார் ஏஜென்ட். கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. வருகிற கோபத்துக்கு, புதுப்பிக்காமலே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இரண்டு வருட ஷெட்யூல்களையும் (பாலிசியோடு வரும் விவரப் பட்டியல்கள்) இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: விட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது. கெடு முடிந்த நாளின் நள்ளிரவிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வீட்டுக் காப்பீட்டில் சலுகை நாட்கள் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது, அந்த இடைவெளியில் ஒரு குழாய் வெடித்தாலும் முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான். வீட்டுக் கடன் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. காப்பீடு தொடர வேண்டும் என்பது பெரும்பாலும் கடன் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாக இருக்கும், நீங்கள் எடுக்காவிட்டால் கடன் கொடுத்தவர்களே ஒன்றை எடுத்து அதன் செலவை உங்கள் கடன் கணக்கில் ஏற்றிவிடலாம், அது பொதுவாக நீங்களே தேடி எடுப்பதைவிட விலை அதிகமாகவும் பாதுகாப்பு குறைவாகவும் இருக்கும். உங்கள் கோபம் நியாயமானது. அதை நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் காட்டுவோம், பாலிசியின் மேல் காட்ட வேண்டாம்.

சரி, இப்போது காகிதங்களுக்கு வருவோம். நேற்று இரவு இரண்டு ஷெட்யூல்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன். போன வருடம் நீங்கள் கட்டிய மொத்தத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டால் இந்த வருடக் கணக்கு 124. அந்த 24 எங்கிருந்து வந்தது என்று பிரித்தால் நான்கு இடங்கள் தெரிகின்றன: வரியோடு சேர்த்துப் பிரீமியம் 106 ஆகியிருக்கிறது, "ஆவணத் திருத்தக் கட்டணம்" என்று 4, "வீட்டு அவசர உதவிச் சேவை" என்று 5, "தவணைச் சேவைக் கட்டணம்" என்று 9. இந்த நான்கும் நான்கு தனித்தனிக் கதைகள். போனில் பேசியவர் எல்லாவற்றையும் "கட்டணம்" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டார், அதனால்தான் உங்களால் எதையும் எதிர்த்துக் கேட்க முடியவில்லை.

பிரீமியத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் "ஏறவே இல்லை" என்று அவர் சொன்னது ஒரு வகையில் சரி, ஒரு வகையில் தவறு. இப்படிப்பட்ட திட்டங்களில் நிறுவனம் பெரும்பாலும் பூட்டி வைப்பது பிரீமிய விகிதத்தைத்தான், அதாவது காப்பீட்டுத் தொகையில் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் எவ்வளவு என்பதை. காப்பீட்டுத் தொகையே உயர்ந்தால் அதே விகிதத்தில் பிரீமியமும் உயரும். உங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான்: கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை 6 சதவீதம் கூடியிருக்கிறது, கட்டுமானச் செலவு ஏறுவதற்கு ஏற்ப அது வருடா வருடம் தானாக உயரும் என்று பாலிசி வாசகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, விகிதம் ஒரு புள்ளிகூட மாறவில்லை. இது ஏமாற்று வேலை இல்லை. சிமென்ட், கம்பி, கூலி எல்லாம் ஏறும்போது காப்பீட்டுத் தொகை மட்டும் அப்படியே நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆனால் விற்கும்போது "விலை மாறாது" என்று சொன்னவர், காப்பீட்டுத் தொகை ஏறினால் கட்டும் தொகையும் ஏறும் என்று அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது தவறு, அந்த வருத்தத்தைக் கடிதத்தில் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த 6 ஐ மட்டும் கட்டிவிடுங்கள் என்பேன், அதற்கு ஈடாக உங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வருகிறது.

அடுத்து ஆவணத் திருத்தக் கட்டணம். இது எதற்கு என்று ஷெட்யூலில் விளக்கம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய காகிதக் கட்டுக்குள் மூன்றாவதாக ஒரு காகிதம் இருந்தது, நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், சோலார் பேனலைச் சேர்த்தபோது கொடுத்த எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த திருத்தத்துக்கான இணைப்புக் காகிதம். அதன் அடியில், கையெழுத்துக்கு மேலே, சிறிய எழுத்தில் "திருத்தக் கட்டணம் பெறப்பட்டது" என்று தொகையோடு அச்சாகியிருக்கிறது. இப்போது கேட்கிற தொகையும் அதே தொகை, காசு மாறாமல். ஒரே திருத்தத்துக்கு இரண்டு முறை கட்டணம் விழுந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பெரும்பாலும் இது வேண்டுமென்றே செய்வதில்லை, நடு வருடத்தில் திருத்தம் நடந்த பாலிசிகளை எல்லாம் கணினி ஒரு குறியீட்டோடு வைத்திருக்கும், புதுப்பிக்கும் நேரத்தில் அந்தக் குறியீட்டைப் பார்த்து மறுபடியும் கட்டணத்தைச் சேர்த்துவிடும், யாராவது கேட்டால் எடுப்பார்கள், கேட்காதவர்கள் கட்டிவிடுவார்கள். கேளுங்கள். அந்தக் காகிதத்தின் நகலை இணைத்துக் கேளுங்கள்.

வீட்டு அவசர உதவிச் சேவை உங்களுக்கு முதல் இரண்டு வருடம் இலவசமாக வந்தது. பழைய ஷெட்யூலில் அதன் எதிரே "0" என்று இருக்கிறது பாருங்கள். மூன்றாவது வருடம் அது கட்டணச் சேவையாகிவிட்டது, வேண்டாம் என்று நீங்கள் சொல்லாததால் சேர்த்துவிட்டார்கள். குழாய் ஒழுகினாலோ பூட்டு சிக்கிக்கொண்டாலோ நடு ராத்திரியில் ஆள் அனுப்புகிற சேவை இது, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு உபயோகமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இரண்டு வருடத்தில் ஒரு முறையாவது கூப்பிட்டீர்களா? கூப்பிடவில்லை என்றால், தெரிந்த பிளம்பர் ஒருவரின் நம்பர் போனில் இருந்தால், இந்த 5 வேண்டாம். இது தனியாகச் சேர்த்த சேவை, எடுத்துவிட்டால் மூலப் பாலிசிக்கு ஒன்றும் ஆகாது.

நான்காவதுதான் பெரியது. போன வருடம் நீங்கள் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டியிருக்கிறீர்கள், ஆனால் இந்த வருடக் கடிதம் மாதத் தவணைக்கு என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறது, 12 தவணை. நீங்கள் கேட்டீர்களா? கேட்டதாக எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. மாதத் தவணை என்பது ஒரு கடன், பிரீமியத்தை உங்கள் சார்பில் முன்கூட்டியே கட்டிவிட்டு உங்களிடம் வட்டியோடு திரும்ப வாங்குகிறார்கள், அந்த வட்டிக்குத்தான் சேவைக் கட்டணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற மூன்றும் சேர்ந்த 115 க்கு 9 என்றால் 8 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 115 ம் வருடம் முழுக்க உங்களிடம் இருப்பதில்லை, மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகைதான் கடனாக இருக்கிறது. அப்படிக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு 15 சதவீதத்தை ஒட்டி வருகிறது. முதல் தவணையை உடனே வாங்கிக்கொண்டால் அதற்கும் மேலே. கையில் பணம் இருந்தால் ஒரே தடவையில் கட்டுங்கள், இந்த 9 முழுவதும் மறைந்துவிடும். பணம் கொஞ்சம் குறைகிறது என்றாலும், வேறு எங்காவது இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆக 124 இல் 9 ம் 5 ம் 4 ம் போனால் மிச்சம் 106.

இதுவரை சொன்னது நீங்கள் கேட்டதற்கான பதில். நீங்கள் கேட்காத ஒன்றைக் காகிதத்தில் பார்த்தேன், உண்மையில் கட்டணங்களைவிட அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஷெட்யூலின் இரண்டாவது பக்கத்தில், க்ளெய்மில் நீங்கள் உங்கள் கையிலிருந்து ஏற்க வேண்டிய பங்கு ஒரு பட்டியலாக இருக்கும், கழிவுத் தொகை என்பார்கள், டிடக்டிபிள் என்றும் சொல்வார்கள். தீ, புயல், திருட்டு எல்லாவற்றுக்கும் போன வருடம் இருந்தது அப்படியே இருக்கிறது. தண்ணீர்க் கசிவுக்கு மட்டும் இரண்டு மடங்காகியிருக்கிறது. கடிதத்தின் முதல் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக் காப்பீட்டில் அடிக்கடி வருகிற க்ளெய்ம்களில் தண்ணீர்க் கசிவும் ஒன்று, சுவருக்குள் போகிற குழாயில் மயிரிழை விரிசல் விட்டு, மாதக்கணக்கில் ஊறி, ஒரு நாள் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும்போதுதான் தெரியும். விலையைப் பூட்டிக்கொண்ட நிறுவனத்துக்குச் செலவு ஏறும்போது இரண்டு வழிகள்தான் மிச்சம், ஒன்று கட்டணங்களைச் சேர்ப்பது, இன்னொன்று அதே விலைக்குக் கொடுக்கிற பாதுகாப்பைச் சுருக்குவது. கட்டணம் கண்ணில் படும். பாதுகாப்பு சுருங்கியது க்ளெய்ம் வரும் வரை தெரியவே தெரியாது. விலை உறுதி என்றால் அதே பாதுகாப்புக்கு அதே விலை என்றுதான் எந்தச் சாதாரண மனிதரும் புரிந்துகொள்வார், ஆகவே எந்தப் பிரிவின் அடிப்படையில் இந்தக் கழிவுத் தொகையை மாற்றினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் பழைய அளவுக்கே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் சொன்ன யோசனைக்கு வருகிறேன். காப்பீட்டுத் தொகையைக் குறைக்கவே குறைக்காதீர்கள். க்ளெய்ம் பிரிவில் நான் இருந்த காலத்தில் என்னை இன்றுவரை உறுத்துகிற ஒரு கோப்பு உண்டு. சமையலறையில் தீ, நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஒரு பக்கச் சுவர், கூரையின் ஒரு பகுதி, அலமாரிகள் எல்லாம் போய்விட்டன. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து டேப் வைத்து அந்தச் சமையலறையை மட்டும் அளப்பார் என்று அந்த வீட்டுக்கார அம்மா நினைத்திருந்தார். அவர் முழு வீட்டையும் அளந்தார், அறை அறையாக, நோட்டில் குறித்துக்கொண்டே. எதற்காக எரியாத அறைகளையும் அளக்கிறார் என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. முழு வீட்டையும் திரும்பக் கட்ட 100 ஆகும் என்றால் அவர் காப்பீடு செய்திருந்தது 70 க்கு, முந்தைய வருடம் பிரீமியத்தை மிச்சப்படுத்த யாரோ சொன்னார்கள் என்று குறைத்திருக்கிறார். சேதம் 20. காப்பீட்டுத் தொகையான 70 க்குள்தானே சேதம் இருக்கிறது, முழுசாக வந்துவிடும் என்று நம்பினார். சராசரி விதி என்று ஒன்று உண்டு, எத்தனை பங்குக்குக் காப்பீடு செய்தீர்களோ அத்தனை பங்கு நஷ்டத்தைத்தான் தருவார்கள், 20 இல் 70 சதவீதம், அதாவது 14. அதிலும் கழிவுத் தொகை போக. மிச்சப்படுத்திய பிரீமியத்தை இந்த நஷ்டத்தின் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை. இவ்வளவுதான் தருவோம் என்று அந்த அம்மாவுக்குப் போன கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களில் நானும் ஒருவர்.

சில பாலிசிகளில் இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். இந்தியாவில் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் குறைவாகக் காப்பீடு செய்ததற்காக நஷ்ட ஈட்டை இப்படி வெட்டுவதில்லை, காப்பீட்டுத் தொகையும் வருடத்துக்கு 10 சதவீதம் தானாக உயர்கிறது. உங்கள் பாலிசி வாசகத்தில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை.

தொகையைக் குறைப்பதற்கு நியாயமான ஒரு காரணம் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பலர் வீட்டின் சந்தை விலைக்குக் காப்பீடு எடுத்துவிடுகிறார்கள். மண் எரியாது, நிலத்தின் விலைக்குக் காப்பீடு வேண்டியதில்லை. வேண்டியது அதே வீட்டை இன்றைய செலவில் அடித்தளத்திலிருந்து திரும்பக் கட்ட ஆகும் தொகை, இடிபாட்டை அப்புறப்படுத்தும் செலவும் பொறியாளர் கட்டணமும் சேர்த்து. உங்கள் ஷெட்யூலில் உள்ள தொகை இதில் எது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டடப் பரப்பைச் சதுர அடிக்கு இன்றைக்குக் கட்ட ஆகும் செலவால் பெருக்கிப் பாருங்கள். உண்மையிலேயே நிலத்தையும் சேர்த்துப் போட்டிருந்தால் குறையுங்கள், அது சரியான குறைப்பு. பழைய பில்லுக்கு வர வேண்டும் என்பதற்காக மட்டும் குறைப்பது அந்த அம்மாவின் 14 தான்.

இனி பன்னிரண்டு நாளில் செய்ய வேண்டியது. போன் வேண்டாம், மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் சொன்னதற்கு உங்கள் கையில் சாட்சி இருக்காது. நீளமாகவும் வேண்டாம், இந்த அளவுக்குப் போதும்:

"எனது பாலிசி மூன்று வருட விலை உறுதியோடு விற்கப்பட்டது. இந்த வருடப் புதுப்பித்தலில் சேர்க்கப்பட்டுள்ள ஒவ்வொரு கட்டணமும் பாலிசியின் எந்தப் பிரிவின்படி விதிக்கப்பட்டது என்று தனித்தனியாகத் தெரிவிக்கவும். சோலார் பேனலுக்கான திருத்தக் கட்டணம் ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது, நகல் இணைத்துள்ளேன். அவசர உதவிச் சேவை எனக்குத் தேவையில்லை. தொகையை ஒரே தவணையில் செலுத்துகிறேன். தண்ணீர்க் கசிவுக்கான கழிவுத் தொகை மாற்றப்பட்டதன் காரணத்தை எழுத்தில் தரவும். திருத்திய கணக்கைக் கெடுவுக்கு ஐந்து நாள் முன்னதாக அனுப்பவும்."

ஏஜென்ட்டுக்கும் நகல் போடுங்கள். விற்கும்போது கொடுத்த துண்டுப் பிரசுரம், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் எதிலாவது "விலை மாறாது" என்ற வரி இருந்தால் அதன் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அந்த ஒரு படம் நாலு பக்க வாதத்துக்குச் சமம். இன்னொன்று, கார்டில் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், நீங்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போதே முதல் தவணை போய்விடும், அப்புறம் நீங்கள் தவணைக்கு ஒப்புக்கொண்டதாகவே பேசுவார்கள். ஏற்பாட்டை நிறுத்துங்கள், ஆனால் நிறுத்தியதும் கெடு நாளை காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கெடுவுக்குள் பதில் வரவில்லை என்றால்? கட்டிவிடுங்கள், ஒரே தவணையில், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு. பணம் கட்டியதால் கேட்கும் உரிமை போய்விடாது. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் எழுதுங்கள், அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக்கான ஆம்புட்ஸ்மேன், அதாவது நிறுவனத்துக்கு வெளியே இருந்து புகாரை விசாரிக்கும் நடுவர், இருக்கிறார். அவரிடம் எப்போது போகலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், இந்தியாவில் நிறுவனத்துக்கு ஒரு மாத அவகாசம், பிரிட்டனில் எட்டு வாரம். இரண்டு இடத்திலும் புகார் செய்யக் கட்டணம் இல்லை.

இதற்கிடையே வேறு இரண்டு நிறுவனங்களிடமும் விலை கேளுங்கள், ஆனால் மொத்தத் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள், அதே காப்பீட்டுத் தொகை, அதே கழிவுத் தொகை, சோலார் பேனல் சேர்த்து, வீடு எத்தனை நாள் பூட்டியிருந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்பது வரை கேளுங்கள். இப்போதே மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருடத்துக்கு இது உதவும், ஏனென்றால் மூன்று வருட உறுதி முடிகிறபோதுதான் பெரிய ஏற்றம் வரும். பழைய வாடிக்கையாளர் எங்கேயும் போகமாட்டார் என்று தெரிந்தால் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். பிரிட்டனில் 2018 இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற நுகர்வோர் அமைப்பு இதைப் பற்றிப் பெரிய புகார் கொடுத்தது. அங்கே நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ ஆராய்ந்து பார்த்தபோது, வீட்டுக் காப்பீட்டிலும் வாகனக் காப்பீட்டிலுமாக 60 லட்சம் பேர் தேவைக்கு மேல் கட்டியிருந்தார்கள், தங்கள் ஆபத்துக்கு உரிய சராசரி பிரீமியத்தை மட்டும் கட்டியிருந்தால் 120 கோடி பவுண்டு மிச்சமாகியிருக்கும் என்று கணக்குச் சொன்னது. 2022 ஜனவரியிலிருந்து, புதிதாக வருபவருக்குச் சொல்கிற விலையைவிடப் பழைய வாடிக்கையாளரிடம் அதிகம் கேட்கக் கூடாது என்று அங்கே விதி. எல்லா நாட்டிலும் இப்படி விதி கிடையாது, ஆனால் "இன்றைக்குப் புதிதாக வருகிறவருக்கு என்ன விலை சொல்வீர்கள்?" என்று கேட்பதை யாரும் தடுக்க முடியாது. அடுத்த வருடம் கடிதம் வந்த அன்றே அதைக் கேளுங்கள்.

திருத்திய ஷெட்யூல் வந்ததும் பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். திருத்தக் கட்டணத்தை எடுக்கிற அவசரத்தில் சோலார் பேனலையே ஷெட்யூலிலிருந்து எடுத்துவிட்டதை இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன், உங்களுடையதில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.